பதினேழு பூட்டிய வீடுகள்

மதுரையில் சரண்யாதேவிக்குத் தாகம் எடுக்காத தெரு குறைவு. செல்லூர், ஆரப்பாளையம், முனிச்சாலை, வில்லாபுரம் என்று எந்தப் பகுதியைச் சொன்னாலும் அங்கே தனக்குத் தண்ணீர் கொடுத்தது யார், செம்பில் கொடுத்தார்களா தம்ளரில் கொடுத்தார்களா, ‘எந்த ஊரு, எந்தத் தெரு’ என்று விசாரித்துவிட்டுக் கொடுத்தவர்கள் யார், விசாரித்தபின் கொடுக்காமலே உள்ளே போனவர்கள் யார் என்பதெல்லாம் அவளுக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழகத்தில் நகரவியல் துறையின் உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பம் நிரப்பியபோது ‘கள ஆய்வு அனுபவம்’ என்ற கட்டத்தில் இதையெல்லாம் எழுத இடமில்லை. ‘ஆறு மாதம்’ என்று மட்டும் எழுதினாள்.

அவள் பிறந்தது ஒத்தக்கடையைத் தாண்டி, மேலூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் ஒரு காலனியில். அப்பா சின்னானும் அம்மா முருகம்மாளும் அடுத்தவர் வயலில் நட்டும் அறுத்தும் மகளை எம்.ஏ. வரை படிக்க வைத்தார்கள். படிப்பு முடிந்த கையோடு, இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், சென்னையிலிருந்த ஓர் ஆய்வு நிறுவனம் மதுரையின் வீடுகளைக் கணக்கெடுக்க ஆள் எடுத்தது. வெயிலில் நடக்கவும் சளைக்காமல் பேசவும் தெரிந்த பெண்கள் வேண்டும் என்றார்கள். சரண்யாவுக்கு நடக்கத் தெரியும். பேசுவதற்கு அவளோடு ஜோடி சேர்த்துவிடப்பட்டவள் முத்துமீனா.

முத்துமீனா பேச ஆரம்பித்தால் கதவைச் சாத்த வந்தவர்களும் நாற்காலி எடுத்துப் போடுவார்கள். “அக்கா, ரேஷன் கார்டு கேக்க வரல, ஓட்டுக் கேக்கவும் வரல. உங்க வீட்ல எத்தனை பேரு, தண்ணி எங்க பிடிக்கிறீக, இம்புட்டுத்தான்” என்பாள். இம்புட்டுத்தான் என்று அவள் சொல்லும் படிவத்தில் எழுபத்திரண்டு கேள்விகள் இருக்கும். அவள் கேட்கக் கேட்கச் சரண்யா எழுதுவாள். இருவருக்கும் சேர்த்து ஒரு குடைதான். அது முத்துமீனாவின் குடை என்பதால் நிழல் பெரும்பாலும் அவள் பக்கமே விழும்.

ஐப்பசி மாதத்தில் முனிச்சாலைக்குப் பின்புறம் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது வெள்ளைத்துரை காம்பவுண்டு. தெருவிலிருந்து ஒரே ஒரு வாசல். உள்ளே போனால் எதிரும் புதிருமாகப் பதினொன்று பதினொன்றாக இருபத்திரண்டு ஒற்றை அறை வீடுகள். நடுவில் ஒரு குழாய். மூன்று நாள் தொடர்ந்து காலை பத்து மணிக்குப் போனார்கள். மூன்று நாளும் பதினேழு வீடுகளில் பூட்டுத் தொங்கியது. படிவத்தில் அதற்கு ஓர் எண் உண்டு. ஏழு. மூன்று முறை போயும் ஆள் இல்லையென்றால் ஏழு என்று எழுதி மூடிவிடலாம். அவர்களுடைய சூப்பர்வைசர் நல்லகாமன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே படிவங்களை எண்ணி வாங்கி, வரிசை எண் போட்டுக் கட்டினார்.

நான்காம் நாள் மத்தியானம் வேறொரு தெருவை முடித்துவிட்டுப் பஸ்ஸுக்கு வந்துகொண்டிருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஓடியவர்கள் நுழைந்தது அதே காம்பவுண்டு வாசலில். உள்ளே பார்த்தால் ஒன்றைத் தவிர எல்லாக் கதவுகளும் திறந்து கிடந்தன. அடுப்புப் புகை, ரேடியோ, கொடியிலிருந்து துணியை அவசரமாக உருவும் பெண்கள், குழாயடியில் யாரோ யாரையோ திட்டும் சத்தம்.

“என்னாத்தா, நனைஞ்சுக்கிட்டு நிக்கிறீக? உள்ள வாங்க” என்று கூப்பிட்டாள் முதல் வீட்டு ராக்கம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடியில் வாழைநார், முன்னால் ஈரச் சாக்கில் மிச்சமிருந்த உதிரி மல்லிகை.

“அக்கா, இந்த வீடெல்லாம் பூட்டிக் கெடந்துச்சே? மூணு நாளா வந்தோமே” என்றாள் முத்துமீனா.

“எத்தனை மணிக்கு வந்தீக?”

“பத்து மணிக்கு.”

“பத்து மணிக்கு எவ வீட்ல இருப்பா? விடியுமுன்ன மாட்டுத்தாவணிக்குப் போயி, பூ எடுத்து, கட்டி, கோயில் வாசல்ல வித்துட்டு வர ரெண்டு ரெண்டரை ஆயிரும். பூட்டிக் கெடந்தா என்ன எழுதுவீக?”

“ஏழுன்னு எழுதுவோம்க்கா.”

“அப்படின்னா?”

முத்துமீனா சரண்யாவைப் பார்த்தாள். சரண்யாதான் சொன்னாள். “குடியிருக்க ஆள் இல்லைன்னு.”

ராக்கம்மாள் பூக்கட்டுவதை நிறுத்திவிட்டு எதிர்வீட்டுக்குக் கேட்கும்படி கத்தினாள். “ஏ, கேட்டீகளா? நாமெல்லாம் ஆளு இல்லையாம்டி! அம்புட்டுப் பேரும் ஏழாம் நம்பராம்!”

காம்பவுண்டே சிரித்தது. மழை விடுவதற்குள் பதினேழில் பதினாறு வீடுகளின் விவரமும் சரண்யாவின் கையிலிருந்தது. எட்டாம் வீட்டில் மட்டும் நிஜமாகவே ஆள் இல்லை. அங்கிருந்த பெரியவர் இறந்தபின் யாரும் குடிவரவில்லை.

நல்லகாமன் ஒப்புக்கொள்ளவில்லை. “வரிசை எண் போட்டுக் கட்டியாச்சு தங்கச்சி. ஏழ அழிச்சா மேலருந்து என்னையக் கேப்பாக. உனக்கு மனசு கேக்கலைன்னா ஓரத்துல எழுதிக்க” என்று கட்டைப் பிரித்துக் கொடுத்தார். பதினாறு படிவங்களின் ஓரத்திலும் சரண்யா பொடி எழுத்தில் எழுதினாள்: ‘ஆள் இருக்கிறார்கள். பூ வியாபாரம். பிற்பகல் இரண்டரைக்கு மேல் வரவும்.’

அதன் பிறகு அந்தப் பக்கம் வேலை இருந்த நாட்களிலெல்லாம் இருவரும் எப்படியாவது இரண்டரை மணிக்கு அங்கே போய் நிற்பார்கள். தூக்குவாளிச் சோற்றைப் பிரித்தால் நாலு வீட்டுக் குழம்பு வந்துவிடும். முத்துமீனா பூக்கட்டப் பழகினாள். அவள் கட்டிய சரம் கையில் எடுத்ததும் உதிரும். “இத ஒருத்தி தலையில வச்சா அவ நடக்குற வழியெல்லாம் பூப்போட்டுக்கிட்டே போவா” என்று ராக்கம்மாள் சிரிப்பாள். வகுப்புக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவிலேயே நகரத்தைப் பார்த்திருந்த சரண்யாவுக்கு, நகரம் என்பது ஒருவர் வீட்டுக் குழம்பை இன்னொருவர் குறை சொல்லும் இடம் என்று அங்கேதான் தெரிந்தது. பின்னாளில் எத்தனையோ கருத்தரங்குகளில் எத்தனையோ பேர் நகரத்தை விளக்கக் கேட்டிருக்கிறாள். ஒன்றிலும் அந்தக் காம்பவுண்டின் மத்தியான வாசனை இல்லை.

பங்குனியில் கணக்கெடுப்பு முடிந்தது. குடையை முத்துமீனா எடுத்துக்கொண்டாள். மறு ஆண்டே அவளுக்குக் கல்யாணமாகி, ஒத்தக்கடையில் கணவனின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்தாள். சரண்யா மேலே படித்தாள், தகுதித் தேர்வு எழுதினாள், ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளரானாள். தனியார் ஆஸ்பத்திரி லேப்பில் வேலை பார்க்கும் முகேஷைக் கட்டிக்கொண்டு நாகமலை புதுக்கோட்டையில் குடியேறினாள். வேலை பார்த்துக்கொண்டே பிஎச்.டி.யும் முடித்தாள்.

கல்லூரியில் சேர்ந்த முதல் வருடமே ஒரு கட்டுரை அவள் கைக்கு வந்தது. எழுதியவர் பேராசிரியர் அனந்தநாராயணன். கணக்கெடுப்பை நடத்திய நிறுவனத்தில் தலைமை ஆய்வாளராக இருந்தவர். கள ஆட்கள் யாரும் அவரை நேரில் பார்த்ததில்லை. மதுரையின் நடுப்பகுதியில் பழைய குடியிருப்புகள் காலியாகிக்கொண்டு வருகின்றன என்பது கட்டுரையின் வாதம். அதற்குச் சான்றாக நான்காவது அட்டவணையில் ஓர் இடம் இருந்தது. பெயர் போடவில்லை. முனிச்சாலை அருகே, இருபத்திரண்டு வீடுகள், குடியற்றவை பதினேழு. ஏழுகளை எல்லாம் கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டது. ஓரத்தில் எழுதியதைத் தட்டச்சு செய்ய அதில் கட்டம் இருந்திருக்காது.

படித்ததும் சரண்யாவுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பாடத்திட்டத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது, அதை அவள்தான் நடத்த வேண்டும் என்று தெரிந்தபோது சிரிப்புப் போய்விட்டது. ஒன்பது வருடம் நடத்தினாள். ஒன்பது வருடமும் பிள்ளைகள் பரீட்சையில் ‘பதினேழு வீடுகள் குடியற்றவை’ என்று எழுதினார்கள். அவளும் சரி போட்டு மதிப்பெண் கொடுத்தாள். ஒவ்வொரு மே மாதமும் வேலை முடிந்து, ஜூலையில் மறுபடி கூப்பிடுவார்களா என்று காத்திருக்கிறவள் பெரிய பேராசிரியரின் அட்டவணை தவறு என்று எந்த வாயால் சொல்வது? சான்று கேட்டால் எதைக் காட்டுவது? இப்படித்தான் தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் விடைத்தாளில் சிவப்பு மையால் சரி போடும் ஒவ்வொரு முறையும், ‘நாமெல்லாம் ஆளு இல்லையாம்டி’ என்ற குரல் அவளுக்குக் கேட்கும்.

பல்கலைக்கழக வேலைக்கான நேர்காணலுக்கு அவளோடு பதினோரு பேர் வந்திருந்தார்கள். வெளியே பெஞ்சில் காத்திருந்தபோதுதான், துறை வல்லுநராக வந்திருப்பவர் அனந்தநாராயணன் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். ஓய்வு பெற்றுச் சென்னையிலிருக்கிறாராம்.

உள்ளே நான்கு பேர். அவர் ஓரத்தில் ஒல்லியாக, சட்டைப் பையில் இரண்டு பேனாக்களோடு உட்கார்ந்திருந்தார். ஆய்வைப் பற்றியும் பாடத்தைப் பற்றியும் கேள்விகள் வந்தன. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் தலைவர், அனந்தநாராயணனைப் பார்த்துப் புன்னகைத்தபடி கேட்டார். “மதுரையைப் பத்தி ஒரே ஒரு கட்டுரையைத்தான் மாணவர்களுக்குக் கொடுக்கலாம்னு வச்சுக்குங்க. எதைக் கொடுப்பீங்க?”

“சாரோட கட்டுரையைத்தான் சார். ஒன்பது வருஷமா அதைத்தான் நடத்துறேன்.”

மேசையைச் சுற்றி எல்லோரும் புன்னகைத்தார்கள். அத்தோடு அவள் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத்தான் நினைத்தாள்.

“ஆனா, நாலாவது அட்டவணை தப்பு சார்.”

அனந்தநாராயணன் நிமிர்ந்தார். “எந்த விதத்துல?”

“அந்தப் பதினேழு வீடும் காலி இல்ல சார். பூட்டியிருந்துச்சு. காலையில பத்து மணிக்குப் போனதால பூட்டியிருந்துச்சு. அவங்கெல்லாம் பூ விக்கிறவங்க. ரெண்டரை மணிக்குப் போயிருந்தா ஒரு வீடு தவிர எல்லாம் திறந்திருக்கும்.”

“இது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“காலியில்லாத வீட்டைக் காலின்னு எழுதினதே நான்தான் சார்.” “ஏழுன்னு போட்டது என் கை. அப்புறம் ரெண்டரை மணிக்குப் போய்ப் பார்த்துட்டு ஓரத்துல எழுதினேன். அது உங்ககிட்ட வந்திருக்காது.”

தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். அனந்தநாராயணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். “வரல” என்றார். பிறகு, “படிவத்தை நான் பார்க்கவே இல்ல. டேபிளைத்தான் பார்த்தேன்” என்றார். தலைவர் அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று முத்துமீனாவுக்குப் போன் போட்டாள். நடந்ததைக் கேட்டு அவள் கொதித்துவிட்டாள்.

“ஏண்டி, உனக்கென்ன கிறுக்கா? வேல கேட்டுப் போன எடத்துல அந்த மனுசன் மொகத்துக்கு நேராவா சொல்லுவ? ஒம்பது வருசம் வாய மூடிக்கிட்டு இருந்தவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் மூடத் தெரியல?”

“தெரியலடி.”

“சரி விடு. சாப்டியா? சாப்டாம அழுகாத.”

இரண்டு மாதம் எந்தத் தகவலும் இல்லை. சரண்யா அதை நினைப்பதையே விட்டுவிட்டாள். ஜூன் முதல் வாரத்தில் ஒரு நாள் முகேஷ் லேப்பிலிருந்து கூப்பிட்டு, “பட்டியல் போட்டிருக்காங்க. உன் பேரு இருக்கு. நாலு தடவ பாத்துட்டேன். இனிஷியலும் சரியா இருக்கு” என்றான். அவள் அப்போது மகளின் சீருடையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். துவைத்து, அலசி, காயப்போட்ட பிறகுதான் உட்கார்ந்து அழுதாள். ஆணை கையில் வந்ததும் முதல் பஸ்ஸில் அம்மா அப்பாவைப் பார்க்கப் போனாள். சின்னான் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மே மாசமும் வேல உண்டுல்ல?” என்று மட்டும் கேட்டார்.

வேலையில் சேர்ந்த மறுவாரம் தெரியாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு. “அனந்தநாராயணன் பேசறேன். முன்னாடியே கூப்பிட்டிருப்பேன். தேர்வு முடியாம உங்ககிட்ட பேசறது முறையில்ல. பழைய நிறுவனத்துல அந்தப் படிவங்களைக் கேட்டேன். பழைய பேப்பர்னு போட்டுட்டாங்களாம். அந்த இடத்தை நீங்க எனக்குக் காட்ட முடியுமா?”

அவர் வந்த அன்று முத்துமீனாவும் கடையைக் கணவனிடம் விட்டுவிட்டு வந்தாள். வாடகைக் காரில் போகும் வழியில் அவர் ஜன்னலோரமாகப் பார்த்துக்கொண்டே, “நான் வடக்கு மாசி வீதியில பொறந்தவன். பதினெட்டு வயசுல போனது. அதுக்கப்புறம் இந்த ஊரை நம்பரா மட்டும்தான் பார்த்திருக்கேன்” என்றார். அவரைத் திட்ட வேண்டும் என்று தயாராக வந்திருந்த முத்துமீனா டிரைவருக்கு வழி சொல்லத் தொடங்கினாள்.

வெள்ளைத்துரை காம்பவுண்டின் ஒரு வரிசையை இடித்துத் துணிக்கடையின் வண்டி நிறுத்தமாக்கியிருந்தார்கள். இன்னொரு வரிசை நின்றது. பதினொரு கதவு, பதினொரு பூட்டு. அப்போது மணி பிற்பகல் மூன்று. வண்டிகளுக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பேயாண்டி என்பவர், “எல்லாரும் போயி மூணு வருசமாச்சுங்க. இந்த வரிசையவும் ஆடியில இடிக்கிறாக” என்றார். குழாய் மட்டும் இருந்தது. சரண்யா அதைத் திருகிப் பார்த்தாள். காற்றுத்தான் வந்தது.

அனந்தநாராயணன் பூட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய்த் திரும்பி வந்தார். “இன்னைக்கு எழுதியிருந்தா என் டேபிள் சரி” என்றார். அவர் சிரிக்கவில்லை.

ராக்கம்மாள் இருக்குமிடம் முத்துமீனாவுக்குத் தெரிந்திருந்தது. முகவரி மாற்றத்துக்கு ஆதார் ஜெராக்ஸ் எடுக்க ராக்கம்மாள் இவள் கடைக்குத்தான் வந்திருந்தாள். ஒத்தக்கடைக்குப் பின்னால் புதிதாக மனை போட்ட இடத்தில், பூசாத செங்கல் வீட்டில் மகளோடு இருந்தாள். முட்டி வலி. இப்போது வீட்டிலிருந்தபடியே கடைக்குப் பூக்கட்டிக் கொடுக்கிறாள். சரண்யாவை அடையாளம் தெரிய ஒரு நிமிடமானது. முத்துமீனாவை உடனே தெரிந்துவிட்டது.

“அக்கா, அன்னைக்குக் கடையில சொன்னேனே, இவுகதான் அந்தச் சாரு” என்றாள் முத்துமீனா.

ராக்கம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். “எங்கள ஆளு இல்லைன்னு எழுதுனவுகளா?”

“ஆமாம்மா” என்றார் அவர்.

“நல்லா இருக்கீகளா? உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக.” மகளிடம் மோர் கொண்டுவரச் சொன்னாள்.

அவர் மோரை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். மனதில் இருந்ததைக் கடைசியில் கேட்டுவிட்டார். “நான் எழுதினதைக் காட்டி உங்களை யாராவது காலி பண்ணச் சொன்னாங்களா?”

“எழுதுனதா? அதெல்லாம் யாரு பாத்தா? வெள்ளைத்துரை செத்தாரு, மகன்க பாகம் பிரிச்சாக, எங்களப் போகச் சொன்னாக. அம்புட்டுத்தான்.”

தன் கட்டுரையால் யாருக்கும் தீங்கு வரவில்லை என்பதில் அவருக்கு நிம்மதியா, அதை யாருமே பொருட்படுத்தவில்லை என்பதில் வருத்தமா என்று அவர் முகத்தைப் பார்த்துச் சரண்யாவால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அவர் பையிலிருந்து நோட்டை எடுத்து, பழைய வீட்டுக்காரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ராக்கம்மாளுக்கு இருபத்தொரு வீட்டுப் பெயரும் நினைவிருந்தது. யார் யாரோடு எதற்குச் சண்டை போட்டார்கள் என்பதும் நினைவிருந்தது. அதையும் அவர் எழுதினார்.

அவர் காரில் கிளம்பிய பிறகு இருவரும் பஸ் நிறுத்தம் வரை நடந்தார்கள். வெயில் இறங்கியிருக்கவில்லை. முத்துமீனா சொன்னாள், “அந்த மனுசன நாலு கேள்வி கேக்கணும்னு மனப்பாடம் பண்ணிட்டு வந்தேன்டி. மோரக் குடிச்சிட்டு அக்காவக் கும்பிட்டாரு பாரு, எல்லாம் மறந்துபோச்சு.” பிறகு, “எட்டாம் வீட்டுப் பெரியவரு பேரு என்ன? அக்கா சொல்லவே இல்லையே?” என்றாள். இருவரும் நடுரோட்டில் நின்று யோசித்தார்கள். அவரை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் யோசித்தார்கள்.

மார்கழியில் ஆய்விதழில் அரைப்பக்கத் திருத்தம் வந்தது. நான்காவது அட்டவணை தவறானது என்றும், தவறு தன்னுடையது என்றும், கள விவரங்களைத் திரட்டியவர்கள் சரண்யாதேவியும் முத்துமீனாவும் என்றும் அனந்தநாராயணன் எழுதியிருந்தார். அச்சில் முத்துமீனாவின் பெயர் முத்துமீனாள் என்றாகியிருந்தது.

“பேரையாச்சும் ஒழுங்காப் போடக்கூடாதா?” என்று கடையில் சத்தம் போட்டவள், அதையே இருபது பிரதி எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் கொடுத்தாள். பிறகு கேட்டாள், “உன் பிள்ளைகளத் தெருவுக்குக் கூட்டிட்டுப் போவேல்ல? என்னையும் ஒரு நாளு கூப்புடு. நானும் வாரேன்.”

தை மாதத்தில் செல்லூருக்கு வந்தாள். மாணவர்கள் பதினான்கு பேர் ஆளுக்கொரு போனில் கேள்விகளை ஏற்றிக்கொண்டு தயங்கி நின்றார்கள். முத்துமீனா குடையை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு முதல் கதவைத் தட்டினாள். “அக்கா, ஓட்டுக் கேக்க வரல...” என்று ஆரம்பித்ததும் உள்ளிருந்து ஒரு பெண் சிரித்துக்கொண்டே வந்தாள். சரண்யா சற்றுத் தள்ளி, எதிர்வீட்டுச் சுவரோரம் நின்று பார்த்தாள். அவள் தலையிலும் நரை வந்துவிட்டது, முத்துமீனாவுக்கு உடம்பு போட்டுவிட்டது. குரல் மட்டும் அப்படியே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் பத்தொன்பது வீடுகளை முடித்தார்கள்.